விளம்பரம் தானாக வராது

விளம்பரப் பெட்டியின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை நம்பி அழுத்தாதீர்கள், இன்ஸ்பெக்டர் சார். மூடுவதாக நினைத்துத்தான் எல்லோரும் அழுத்துகிறார்கள். பாதிப் பெட்டிகளில் அந்தக் குறியும் விளம்பரத்தின் ஒரு பகுதிதான். தொட்டால் இன்னும் நாலு வந்து நிற்கும். உங்கள் மேசைக் கம்ப்யூட்டரில்கூட 'உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது' என்று ஒன்று சிவப்பாகத் துள்ளிக்கொண்டிருக்கிறது. உள்ளே வந்ததிலிருந்து என் கண் அங்கேயேதான் போகிறது. பேசி முடித்ததும் எடுத்துத் தருகிறேன். ஐந்து நிமிட வேலை.

என் பிழைப்பே அதுதான். ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். மாமனார் வீட்டில் எனக்குக் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை என்று பெயர். மாமா பஸ் டிப்போவில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டும் பெண்கள். மூத்தவளை நான் கட்டினேன். இளையவளுக்குக் கல்யாணம் ஆகும்வரை அந்த வீட்டில் குழாய் ஒழுகினாலும் நான்தான், ஃபியூஸ் போனாலும் நான்தான்.

அவர் ஓய்வு பெற்றதும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். டிப்போவில் ஒரு நட்டு காணாமல் போனால்கூடக் கண்டுபிடித்துவிடும் மனுஷன், திரையில் 'வாழ்த்துகள், உங்களுக்குப் பரிசு' என்று வந்தால் குழந்தை மாதிரி அழுத்திவிடுவார். ஒரு வாரத்தில் திரை முழுக்க வழுக்கைக்குத் தைலம், சீட்டாட்டம், மூட்டுவலிக்கு மந்திரப் பட்டை. உடனே போன் வரும். "மாப்பிள்ளை, மறுபடியும் வந்துடுச்சு. கொஞ்சம் வந்துட்டுப் போங்க." போவேன். நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு அதன் முதுகைப் பிடித்தபடி பின்னால் நிற்பார். காபி வரும். ஒவ்வொன்றாகக் களையெடுப்பேன். "எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்களோ" என்பார். என்னைப் பெற்றவர் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை, சார். அந்த நாற்காலியில் உட்கார எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சில தடவை ஒன்றை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டு வருவேன். சின்னதாக ஒன்று. அடுத்த வாரமும் போன் வரவேண்டும் அல்லவா. டாக்டர்கள்கூட இரண்டு நாள் கழித்து வந்து காட்டச் சொல்கிறார்கள்.

பிறகு இளையவளுக்குக் கல்யாணம் ஆனது. என் சகலை கணக்கு ஆசிரியர். வீட்டில் எல்லோருக்கும் அவன் 'வாத்தியார்'. நல்ல பையன் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். பல்பு மாட்டத் தெரியாது. ஆணி அடிக்கச் சொன்னால் விரலை நசுக்கிக்கொள்வான். என்னை வாய் நிறைய "அண்ணா" என்பான்.

நான் போனால் மாமா எழுந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "வாங்க மாப்பிள்ளை" என்பார். அவன் போனால் பனியனோடு உட்கார்ந்த இடத்திலிருந்தே "வாடா வாத்தியாரே" என்று கத்துவார். அவன் ஏதாவது ஓட்டை ஜோக் ஒன்று சொல்வான். இவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். அந்தச் சத்தம் சமையலறைவரை கேட்கும். என்னை அவர் தொட்டதே இல்லை, கை குலுக்கியதுகூட இல்லை. பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்வது தெரிகிறது. எழுதுங்கள். என்னைக் கேட்டால், வரிசையில் முன்னால் வந்து நின்றவனுக்கு இருக்கும் நியாயமான வருத்தம் என்பேன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். போன்களாவது எனக்கு இருந்தன. ஒரு கட்டத்தில் அதுவும் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாகவே போனேன். என் நாற்காலியில் வாத்தியார் உட்கார்ந்திருந்தான். மாமா பின்னால் நிற்கவில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"அண்ணா, என் ஸ்டூடன்ட் ஒருத்தன் சொல்லிக் குடுத்தான். விளம்பரத்தையெல்லாம் தடுக்கற மாதிரி ஒண்ணு போட்டுவிட்டிருக்கேன். இனிமே வரவே வராது. லீவு நாள்ல நீங்க பாவம் இங்க ஓடி வர வேண்டியதில்ல" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, "ஒண்ணு மட்டும் ரொம்ப நாளா ஒளிஞ்சுகிட்டு இருந்திருக்கு. உங்க கண்ணுலயே படாம தப்பிச்சிருக்கு பாருங்க" என்றான்.

"கெட்டிக்காரன்டா நீ" என்று மாமா அவன் முதுகில் தட்டினார். என்னைப் பார்த்து, "இனிமே உங்களுக்கு விடுதலை, மாப்பிள்ளை" என்றார்.

அன்று வயிறு எரிந்தது உண்மை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எரிந்தது.

அவன் லேப்டாப்பை நான் கேட்கவில்லை, அவனாகத்தான் கொண்டுவந்து கொடுத்தான். மெதுவாக ஓடுகிறது, பாருங்கள் என்றான். பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு புரோகிராமைத் தேடிப்பிடித்து என் ஆன்லைன் கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன். நாம் எதைத் தேடினாலும் அது தன் சரக்கைத்தான் காட்டும். அரைகுறை உடையில் ஒரு பெண் வந்து கண்ணடித்து, பக்கத்துத் தெருவில் காத்திருப்பதாகச் சொல்வாள். லேப்டாப்பில் என் கணக்கைத் திறந்து அதை இறக்கிவிட்டு, என் கணக்கை மூடினேன். உள்ளே விசிறியில் அடைத்திருந்த தூசியையும் துடைத்துக் கொடுத்தேன். வேலையில் நான் குறை வைப்பதில்லை.

எனக்கு வேண்டியிருந்தது புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு சின்னச் சண்டை. அது மாமா காதுக்குப் போகும். தட்டுகிற கை கொஞ்சம் தயங்கும். அதற்குமேல் நான் ஆசைப்படவில்லை.

எல்லோரும் கூடியிருந்த ஒரு நாள், தன் குழந்தையின் போட்டோக்களைக் காட்ட வாத்தியார் லேப்டாப்பைத் திறந்தான். போட்டோவுக்கு மேலேயே அவள் வந்து கண்ணடித்தாள். என் மச்சினிதான், அவன் மனைவிதான், முதலில் சிரித்தாள்.

"அத்தான், இவருக்குக் காய்கறிக்காரம்மாகிட்ட மிச்சச் சில்லறை கேக்கவே கூச்சம். பக்கத்துத் தெரு வரைக்கும் போயிட்டாலும்!"

மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவன் முதுகில் தட்டு விழுந்தது, வழக்கத்தைவிட ஓங்கி. ஒரு மனுஷன்மேல் ஒரு வீடே இப்படி நம்பிக்கை வைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்மேல் யாரும் அப்படி வைத்ததாக நினைவில்லை. என் மனைவி என் சட்டைப் பையைத் துழாவிவிட்டுத்தான் துவைக்கவே போடுவாள்.

கொஞ்ச நாளில் அவன் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வந்தது. லேப்டாப்பை வகுப்பறைப் பெரிய திரையில் இணைத்துப் பேச வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் வாத்தியார் என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணா, அன்னிக்கு வந்துச்சே அது, நாளைக்கு வந்து மானத்த வாங்கிடப் போகுது. நீங்க ஒரு தடவ பாத்துக் குடுத்தாத்தான் எனக்கு நிம்மதி."

அந்தக் கெட்டிக்கார ஸ்டூடன்டிடம் போயிருக்கலாம். என்னிடம் வந்தான். சுத்தம் செய்தேன். வேறு குப்பையும் நிறைய இருந்தது, எல்லாவற்றையும் எடுத்தேன். அது ஒன்றை மட்டும் எடுக்கவில்லை. அன்று நான் புதிதாக எதையும் சேர்க்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்தேன். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்க வேண்டும் என்று அவன்தான் சொன்னான்.

மறுநாள் நடந்ததை நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான். அப்பாக்கள், அம்மாக்கள், முன் வரிசையில் பிள்ளைகள். அவன் பதறிப்போய் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தியிருக்கிறான். ஒன்று நாலாகித் திரையை நிறைத்துவிட்டது. கடைசியில் யாரோ ஓடிவந்து மின்சார வயரைப் பிடுங்கினார்களாம்.

தலைமை ஆசிரியை எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிறவர் இல்லை. விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்றார். வாத்தியார் என்னைத்தான் சொன்னான். போனேன். அவர்கள் முன்னாலேயே லேப்டாப்பைத் திறந்து நிதானமாகப் பார்த்தேன். "இது தானா வருதா, இல்ல இவர் பாக்கறதால வருதா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"மேடம், விளம்பரம் தானா வராது. நாம எதப் பாக்கறோமோ அதத்தான் காட்டும்" என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாது. பொதுவாக அப்படித்தான் நடக்கிறது. வாத்தியார் என்னைப் பார்த்து "அண்ணா" என்றான். நான் லேப்டாப்பை மூடி, வயரைச் சுருட்டி, பையில் வைத்து அவன் கையில் கொடுத்தேன்.

வேலை போனது. மற்றப் பள்ளிகளும் கதவைச் சாத்தின. மச்சினி அப்போதும் அசையவில்லை. என்னைத் தேடி வந்தாள். "அத்தான், நீங்க ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. அவர் அப்படி இல்லன்னு சொல்லுங்க. நான் ஊரையே எதுத்துக்கறேன்" என்றாள். நான் குழந்தையை வாங்கித் தூக்கிக்கொண்டேன். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டது அவள். அன்றே குழந்தையோடு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவளைக் கூட்டிப்போக வாத்தியார் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மாமா எழுந்தார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார், "வாங்க" என்றார். அவன் உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டான். அந்த மழைக்காலத்தில் ஆற்றுப் பாலத்தில், கைப்பிடியோரம் அவன் பை கிடைத்தது. லேப்டாப் உள்ளேதான் இருந்தது. மறுநாள் அவன் கிடைத்தான். அடையாளம் காட்டப் போனவன் நான். அந்த வீட்டில் வேறு ஆண்பிள்ளை யார் இருக்கிறார்கள்?

பிறகு ஒரு நாள் போன் வந்தது. "மாப்பிள்ளை, மறுபடியும் வந்துடுச்சு." வாத்தியார் போட்டுவிட்டுப் போன தடுப்பு பழசாகி வேலை செய்யாமல் போயிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். காபி வந்தது. மாமா பாதியாகியிருந்தார். அவர் கை நாற்காலியின் முதுகில் இருந்தது. ஒரு சாண் நகர்ந்தால் என் தோள். வேலையை மெதுவாகச் செய்தேன். கை நகரவில்லை. போகப் போக நகரும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாட்டிக்கொண்டது என் வீட்டிலேயே. மூலையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று தூசி படிந்து கிடந்தது. நான் அதைத் தொட்டே நாளாகிவிட்டது. அதில் என் ஆன்லைன் கணக்கு திறந்தபடியே இருந்திருக்கிறது. கணக்கில் ஒன்றைச் சேர்த்தால், அந்தக் கணக்கு எங்கெல்லாம் திறந்திருக்கிறதோ அங்கெல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பவன் நான். வந்திருந்த தன் தங்கை வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று என் மனைவி அதைத் துடைத்துத் திறந்தாள். அதே பெண் வந்து கண்ணடித்தாள்.

நான் அறைக்குள் போனபோது அக்கா தங்கை இருவரும் திரை முன்னால் நின்றிருந்தார்கள்.

"நீங்களும் இதெல்லாம் பாக்கறீங்களா?" என்றாள் மனைவி.

"சேச்சே, நான் எதுக்குப் பாக்கறேன்?"

"தானா வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

மச்சினி என்னைப் பார்த்தாள். புழுவைப் பார்க்கிற மாதிரி. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சார். கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார்கள், அப்புறம் மறந்திருப்பார்கள். அது தெரிந்துதான் நின்றேன். ஆனால் அந்த அசிங்கத்தை என் தலையில் சுமக்க என்னால் ஆகவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

"இது ஒரு புரோகிராம். நாம எதப் பாத்தாலும், பாக்காட்டியும், தானா வரும்" என்றேன்.

மச்சினி மெதுவாகத்தான் கேட்டாள். "அப்ப அவருக்கு?"

மனைவி மாமாவுக்குப் போன் செய்தாள். பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். உங்களிடம் சொன்ன மாதிரியே அவருக்கும் முதலிலிருந்து பொறுமையாகச் சொன்னேன். அதை வைத்தவன் நான். கூட்டத்துக்கு முந்தின நாள் எடுக்காமல் விட்டவன் நான். தெரிந்தே அந்த வார்த்தையைச் சொன்னவனும் நான். வாத்தியாரைக் கொன்றது நான் என்று நீங்கள் எழுதிக்கொண்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். மாமா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு கையை எடுத்தார்.

என்னை அறைந்ததை அவராக உங்களிடம் சொல்ல மாட்டார், கௌரவமான மனுஷன். நீங்கள் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். கன்னத்தில், முழுக் கையால். தொட்டுப் பார்த்தால் இன்னும் சூடு இருக்கிறது. வாத்தியாருக்குக்கூட அவர் முதுகில்தான் தட்டியிருக்கிறார்.