லேபிளில் இல்லாத ஒரு வரி

“மார்கெட்டா வாளியில மிச்சம் இருக்கற தண்ணியைக்கூடக் கீழ கொட்ட மாட்டாங்கம்மா. அப்படியே சவுனா அடுப்போட சூடான கல்லு மேல ஊத்திடுவாங்க” என்றாள் வில்யா.

“ஆவிக் குளியல் போடற சவுனாவைக் கழுவின தண்ணியையா?”

“ஆமா. சோப்பு வாசனை நல்லா இருக்காம். கதவைச் சாத்திக்கிட்டு, அந்த ஆவியிலயே நின்னு பாட்டுப் பாடிக்கிட்டே பலகையைத் தேய்ப்பாங்க. வெளிய வரும்போது மூஞ்சி பீட்ரூட் மாதிரி இருக்கும்.”

“அப்போ குளிக்கறதுக்குத் தனியா சோப்பு வாங்க வேண்டாம். மிச்சம்தான்.”

“கிண்டல் பண்ணாத. அவங்க பாட்டு அவ்வளவு மோசம் இல்ல. நாய் மட்டும்தான் எழுந்து வெளிய போகும்.”

இருவரும் சிரித்தோம். இலவங்கப்பட்டை ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தேன். தம்பெரே நகரப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் காபிக் கடை அது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் அங்கே என்னோடு காபி குடிப்பாள். எங்கிருந்து தொடங்கியது என்று கேட்டீர்களே, அங்கிருந்துதான். யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்காத ஒரு பேச்சு.

மார்கெட்டா என் முன்னாள் கணவன் ஓஸ்மோவின் மனைவி. அவள்மேல் எனக்கு வெறுப்பு உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இல்லை. எல்லா நாற்காலியிலும் ஒரு குஷன் தைத்துப் போடும் பெண் அவள். பிறர் பெற்ற பிள்ளையைக் ‘கண்ணு’ என்று கூப்பிடுவாள். இப்படிப்பட்டவர்களை வெறுக்க முடியாது. கொஞ்சம் அலுப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிருமியையும் பூஞ்சையையும் கொல்வதற்கென்று விற்கப்படும் பொருள்கள் கடைக்கு வரும் முன்னால் எங்கள் அலுவலகத்துக்கு வரும். அவை கொல்ல வேண்டியதை மட்டும் கொல்கின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு. மனித உடலுக்குள் போக மூன்று வழிகள் உண்டு. தோல், வாய், மூச்சு. உடலைத் தாண்டினால் சாக்கடை, மண், ஏரி. ஒவ்வொரு வழிக்கும் யார் மேல் படும், எவ்வளவு படும், எவ்வளவு காலம் படும் என்று கணக்கிட வேண்டும். என் கணக்கில் இதுவரை யாரும் பிழை கண்டதில்லை. இந்த விசாரணையிலும் நீங்கள் காணவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு வந்த வசந்தத்தில், சவுனாவில் உட்காரும் பலகைகளைக் கழுவும் திரவம் ஒன்றின் கோப்பு என் மேசைக்கு வந்தது. சிறிய நிறுவனம். எலுமிச்சை வாசனை. அதில் இருந்த மருந்து தோலில் பட்டால் ஒன்றும் ஆகாது. விழுங்கினால் வயிறு கலங்கும், சரியாகிவிடும். ஆனால் சூடான ஆவியோடு நுண்துளியாகி நுரையீரலின் அடிவரைக்கும் போனால் அங்கேயே தங்கிவிடும். போன இடத்தையெல்லாம் தழும்பாக்கும்.

நிறுவனத்தார் நேர்மையானவர்கள். இதை மறைக்கவில்லை. லேபிளின் வரைவில் அவர்களாகவே ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ‘இதைக் கலந்த தண்ணீரை அடுப்புக் கற்களின் மேல் ஊற்றக் கூடாது.’

அந்த வரியை நான் எடுக்கச் சொன்னேன்.

காரணம் எழுதித்தான் எடுக்கச் சொன்னேன். இந்தத் திரவம் துணியில் நனைத்துப் பலகையைத் துடைப்பதற்கு. கல்லில் ஊற்றுவது அனுமதி கேட்கப்பட்ட உபயோகம் அல்ல. கேட்கப்படாத உபயோகத்தை நாங்கள் மதிப்பிடுவதில்லை. மதிப்பிடாத ஒன்றைப் பற்றி எச்சரித்தால், அப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று நாமே மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தது போலாகிவிடும். வரிகள் கூடக் கூட லேபிளைப் படிப்பவர்கள் குறைவார்கள். ஒவ்வொரு வாக்கியமும் சரி. ஐரோப்பா முழுக்கப் பொதுவான வழிகாட்டி நூல்களில் சவுனா அடுப்பு என்ற சொல்லே கிடையாது. அவற்றை எழுதியவர்கள் ஆவியில் உட்கார்ந்தவர்கள் அல்லர்.

இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்து அறைக்காரன் துர்க்கா மட்டும் அந்தத் தாளோடு வந்து நின்றான்.

“ஹில்கா, இந்த ஒரு வரி இருந்துட்டுப் போகட்டுமே. எங்க மாமியார் கையில எது கிடைச்சாலும் கல்லு மேல ஊத்துவாங்க. போன கிறிஸ்துமஸுக்கு என் பீரை ஊத்தினாங்க.”

“உன் மாமியாரை நான் மதிப்பீடு பண்ணல, துர்க்கா.”

“பண்ணணும். அவங்கதான் நிஜமான அபாயம்” என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அவன் கேட்டுவிட்டுத்தான் போட்டான் என்பதால் அவனைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

சுற்றுச்சூழல் பகுதியையும் நீங்கள் படித்திருப்பீர்கள். நம் சவுனாக்கள் பாதி ஏரிக்கரையில் இருப்பவை. கழுவிய தண்ணீர் ஏரிக்குத்தான் போகும். அதில் கடுகளவு நீர்ப்பூச்சிகள் வாழ்கின்றன. மீன் குஞ்சுகளுக்கு அவைதான் சாப்பாடு. அந்தப் பூச்சிகளுக்காக நிறுவனத்தோடு கோடை முழுக்கச் சண்டை போட்டேன். மருந்தின் அளவைக் குறைக்க வைத்தேன். வாளித் தண்ணீரைக் கரையில் கொட்டக் கூடாது என்று தடித்த எழுத்தில் ஒரு வரியும் சேர்க்க வைத்தேன். என்னை அக்கறையற்றவள் என்று யாரும் சொல்ல முடியாது. மார்கெட்டா போன்ற ஒருத்தி அந்த வரியைப் படித்தால் மிச்சத் தண்ணீரை வேறு எங்கே ஊற்றுவாள் என்று நேற்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. எனக்கும் அது தோன்றியது.

ஓஸ்மோ வாளி, அகப்பை, அடுப்புக் கல், பிர்ச் இலைக் கொத்து என்று சவுனாச் சாமான் எல்லாம் விற்கும் கடை வைத்திருக்கிறான். புதிதாக எது வந்தாலும் முதலில் அவன் வீட்டுக்குத்தான் போகும். நான் எதையும் அனுப்பவில்லை. யார் கையிலும் கொடுக்கவில்லை. அனுமதித்தேன்.

வில்யா சனிக்கிழமை காலைகளில் பனித்தளத்தில் ரிங்கெட் விளையாட்டுப் பயிற்சியில் இருப்பாள். மார்கெட்டா சவுனா கழுவுவது அப்போதுதான். இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். அப்புறமும் மனசு கேட்காமல் வில்யாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, கழுவின அன்றைக்குச் சவுனாவுக்குள் போகாதே, பலகை வழுக்கும் என்று சொல்லி வைத்தேன். எந்தத் தாயும் சொல்வாள்.

நாங்கள் பிரிந்தபோது வில்யாவுக்குப் பத்து வயது. ஒரு வாரம் என் வீடு, மறுவாரம் அப்பா வீடு என்று ஏற்பாடு. ஒரு குளிர்காலத்தில், பள்ளிக்குப் பக்கம் என்று சொல்லி அங்கேயே இருந்துவிட்டாள். பள்ளி என் வீட்டுக்குத்தான் பக்கம். நான் மறுக்கவில்லை. பிள்ளையிடம் கெஞ்சுகிற அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன், அழகாக இருக்காது. ஒவ்வொரு முறையும் பேருந்தில் ஏற்றிவிடும்போது ஒரு வாக்கியம் வாய் வரைக்கும் வரும். அதை விழுங்கிவிட்டு, மப்ளரைச் சரியாகச் சுற்றிக்கொள் என்பேன். எங்கள் அடுக்ககச் சவுனாவில் வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் என் முறை. தனியாக உட்கார்ந்திருப்பேன். இதற்கும் வழக்குக்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் கேட்டதால் சொன்னேன்.

நவம்பரில் ஓஸ்மோ தொலைபேசியில் அழைத்தான்.

“ஹில்கா, உன்கிட்ட கேக்கவே கூச்சமா இருக்கு.”

“அப்படின்னா சீக்கிரம் கேளு.”

“மார்கெட்டாவுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. மாடி ஏறினா மூச்சு வாங்குது. வீட்டுல எங்கேயாவது பூஞ்சை பிடிச்சிருக்கான்னு பாருங்கன்னு டாக்டர் சொல்றார். சவுனாச் சுவருக்குப் பின்னால இருக்குமோ? நீ இதுலயே ஊறினவ.”

“இருக்கலாம். பழைய வீடு.”

“சுவரை உடைக்கணுமா?”

“முதல்ல பலகையை அடிக்கடி கழுவச் சொல்லு. வாரத்துக்கு ஒரு தடவை பத்தாது.”

“எதால கழுவறது?”

“நீதான் விக்கறியே. அதாலயே.”

அவன் பெருமூச்சு விட்டான். “நீ இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேனோ. மார்கெட்டாவும் எப்பவும் சொல்லுவா, ஹில்கா மாதிரி நியாயமானவ கிடையாதுன்னு.”

கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி சாக்லேட் அனுப்பினார்கள். வாழ்த்து அட்டையில் மார்கெட்டாவின் கையெழுத்து கோணலாக இருந்தது. சாக்லேட் நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவினார்கள். இருமல் கூடக் கூட, இன்னும் சுத்தமாகக் கழுவினார்கள். வில்யா இதை எனக்குத் தொலைபேசியில் கவலையோடு சொல்வாள். நான் பொறுமையாகக் கேட்டுக்கொள்வேன். அந்தக் குளிர்காலத்தில் அவள் என்னோடு பேசியதுபோல முன்பு எப்போதும் பேசியதில்லை. வாரத்துக்கு மூன்று நாள்கூடக் கூப்பிட்டாள்.

வேறு வீடுகளிலும் ஆள்கள் நோயில் விழுந்தார்கள் என்று சொன்னீர்கள். படங்களையும் காட்டினீர்கள். அவர்களை எனக்குத் தெரியாது. அவர்கள்மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. அவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு என்றீர்கள். எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகமாக மூச்சு இழுப்பார்கள். அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. நான் போட்டுப் பார்த்திருந்தேன். கோப்பில் சேர்க்கவில்லை. கேட்கப்படாத உபயோகம்.

ஆக, நீங்கள் எழுத வேண்டியது இதுதான். கல்லில் ஊற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஊற்றினால் என்ன ஆகும் என்றும் தெரியும். அந்த வீட்டில் யார் ஊற்றுவாள் என்றும் தெரியும். வரியை எடுத்தது நான். கேட்டபோது இன்னும் கழுவு என்று சொன்னதும் நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதைக் கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். என் வேலையில் கோபத்துக்கு இடமில்லை.

வில்யா கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினீர்கள். அவள் நினைவில் வார்த்தைகள் கொஞ்சம் மாறியிருக்கின்றன. அந்தத் திருத்தத்தையும் செய்துவிட வேண்டும்.

மார்ச் மாதம், மருத்துவமனைத் தாழ்வாரம். ஓஸ்மோ, வில்யா, நான் மூவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். வில்யா என்னைக் கூப்பிட்டிருந்தாள், அதனால் போயிருந்தேன். டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆக்சிஜன் ஏறியிருக்கிறது, காய்ச்சல் இல்லை, இப்படியே போனால் அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

ஓஸ்மோ என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். வில்யா கண்ணைத் துடைத்துக்கொண்டே, “கோடைக்குள்ள தேறிடுவாங்க இல்லப்பா? வந்த உடனே பாட ஆரம்பிச்சுடுவாங்க பாருங்க” என்று சிரித்தாள்.

அந்த மருந்தைச் சுவாசித்த எலிகளும் நடுவில் இப்படித்தான் கொஞ்ச நாள் நன்றாகத் தின்று ஓடிக்கொண்டிருந்தன. அதற்கப்புறம் ஒன்றுகூட உயிரோடு மிஞ்சவில்லை. அந்தத் தாழ்வாரத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வில்யா என் தோளில் சாய்ந்திருந்தாள். தலைமுடியில் என் வீட்டு ஷாம்பு வாசனை இல்லை, வேறு ஏதோ. எனக்கு மிகவும் அமைதியாக இருந்தது. இவ்வளவு காலம் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது. அவள் காதோடு, மெதுவாகத்தான் சொன்னேன்.

“உன் சாமானை எல்லாம் இப்பவே கட்டி வச்சுக்க, வில்யா. மார்கெட்டா போனதும் நேரா என்கிட்ட வந்துடும்மா.”