ஜீப்பில் இன்னொரு இடம்

"நேத்து எங்க ஊட்டுக்காரர ஜீப்புக்குள்ள படுக்க வெச்சு அளந்து பாத்தனுங்க" என்றாள் முன் சீட்டுக்காரி. குன்னூரிலிருந்து ஜெகதளா போகும் பஸ். அவள் மடியில் சுருட்டிய ஃபோம் மெத்தை இருந்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டார்: "அந்தப் பழைய ஜீப்புக்கு இன்னும் என்னங்க வேலை?"

"வாங்கறப்ப வெறும் இரும்புக்கூடுங்க. மொதல்ல படுதா போட்டோம். அப்புறம் சேத்துல வழுக்காத டயரு. இப்பப் பின்சீட்டக் கழட்டியாச்சு."

"கழட்டிட்டா ஆளுக எங்க உக்காருவாங்க?"

"படுக்கறதுக்குத்தானுங்க. எங்க எஸ்டேட் லைன் வீடுகளுக்கு ஆம்புலன்ஸ் ஏறாது. போன மழைல, வலி வந்த கௌரியக் கம்பளில போட்டு நாலு பேரு தூக்கிட்டு வந்தோம். பாதி வழியிலயே கொழந்த பொறந்துருச்சு. இப்பவும் லைன்ல ரெண்டு பேரு மாசமா இருக்காங்க."

"சரி, ஜீப்புல அவரு படுக்க எடம் பத்துச்சா?"

"பத்துச்சுங்க. ஆனா தலைமாட்டுல ஒருத்தி உக்கார எடமில்ல. பட்டறைல சொல்லி, ஜீப்பப் பின்னால ஒரு முழம் நீட்டச் சொல்லியிருக்கேன்."

"அது எதுக்குங்க அவ்வளவு மெனக்கெட்டு?"

அவள் மெத்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்குக் கௌரி, தன் கையப் பிடிச்சுக்கச் சொல்லி அழுதாளுங்க. நாலு பேரு கையிலயும் கம்பளி இருந்துச்சு."