மூணாவது தபா

பாப்பா: ...கோட்டு சூட்டுலாம் ஒண்ணும் இல்லடா. ஒரு ஆம்பள, ஒரு பொம்பள. விடிஞ்சதும் விடியாததுமா வந்து கதவத் தட்னாங்க. பொண்ணு வூட்டுக்காரங்க.

ஜெபசிங்: பொண்ணு வூடா... எம்மா, கையில எதனா வச்சிகீறாங்களா?

பாப்பா: பை ஒண்ணு கீது.

ஜெபசிங்: போச்சு. அவங்களே தான்.

பாப்பா: எவங்கடா?

ஜெபசிங்: டெஸ்ட்டுக்காரங்கம்மா. இதுக்கு முன்னாடி ரெண்டு தபா வந்தப்பவும் நீ இதான் சொன்ன. பொண்ணு வூட்டுக்காரங்கன்னு ஒக்கார வச்சி, என் புள்ள பீடிய கையால தொட மாட்டான்னு கத வேற சொல்லி அனுப்பின.

பாப்பா: புட்பால் ஆடற புள்ளைக்கு வேற இன்னாடா சொல்றது?

ஜெபசிங்: அவங்க வந்தது பொண்ணுக்கு இல்லம்மா. ஒண்ணுக்கு.

பாப்பா: கருமம். காலங்காத்தால அதப் புடிச்சினு போவவா அவ்ளோ தூரம் வராங்க?

ஜெபசிங்: மெதுவா பேசு, அவங்க காதுல வுழப் போவுது.

பாப்பா: நா சமையக்கட்டுல கீறேன். நீ சொல்லு.

ஜெபசிங்: ஊக்க மருந்து போட்டுக்கினு ஆடறோமான்னு பாக்கறதுக்கும்மா. சொல்லாம தான் வருவாங்க. தெனம் ஒரு மணி நேரம் நா எங்க இருப்பேன்னு போன்ல எழுதி வெக்கணும். ஆறுல இருந்து ஏழு, கருங்குழி வூடுன்னு எழுதிகீறேன்.

பாப்பா: அப்ப வூட்ல தான இருக்கணும்? நீ எங்க கீற?

ஜெபசிங்: ...ஓடிக்கினு கீறேன். ஏரிக்கர பக்கம்.

பாப்பா: ஏரிக்கரையில குக்கர் விசில் அடிக்குது.

ஜெபசிங்: அது... டீக்கடம்மா.

பாப்பா: டீக்கடையில குக்கரு. சரி.

ஜெபசிங்: அவங்களுக்கு காபி குடுத்தியா?

பாப்பா: வச்சேன். தொடல. ஏடு கட்டிக்கினு கீது.

ஜெபசிங்: தொட மாட்டாங்க. போற எடத்துல எதையும் வாங்கிக் குடிக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கும். எதனா பேசி ஏழு வரைக்கும் ஒக்கார வைம்மா.

பாப்பா: போனா போறாங்க. இன்னொரு நாள் வரட்டுமே.

ஜெபசிங்: இது மூணாவது தபா. வருசத்துல மூணு தபா ஆளு இல்லன்னா சஸ்பென்ட். ரெண்டு வருசம் வரைக்கும் தூக்கிடுவாங்க. அதுக்கப்புறம் எந்த கிளப்பு சேத்துக்கும்?

பாப்பா: மருந்தே போடாதவனுக்குமா?

ஜெபசிங்: போடலன்னு அவங்களுக்கு எப்டி தெரியும்? ஆளு கெடைக்கலன்னா ஒளியறான்னு தான நெனப்பாங்க.

பாப்பா: சரியா தான் நெனக்கறாங்க.

ஜெபசிங்: எம்மா...

பாப்பா: லீவுக்கு வந்ததுல இருந்து ஜிம்முல தூங்கறேன், ஜிம்முல தூங்கறேன்னு சொல்ற. எங்கடா கீற?

ஜெபசிங்: ...கல்பாக்கம்.

பாப்பா: அடேங்கப்பா. ஓடிக்கினே போயிட்டியா?

ஜெபசிங்: கிண்டல் பண்ணாதம்மா. வண்டி சாவியத் தேடிக்கினு கீறேன்.

பாப்பா: அங்க யாரு வூடு?

ஜெபசிங்: ஃப்ரெண்டு வூடு.

பாப்பா: ஃப்ரெண்டுக்குப் பேரு கீதா?

ஜெபசிங்: தமிழ்...

பாப்பா: தமிழ்வாணனா?

ஜெபசிங்: ...தமிழ்ச்செல்வி. இங்க லேப்ல வேல பாக்குது. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டோம்மா. ஆறு மாசம் ஆவுது. வந்து காலுல வேணா வுழறேன், இப்ப திட்டாத.

பாப்பா: திட்டறது இருக்கட்டும். அந்த வூட்டு அட்ரஸயே போன்ல எழுதறதுக்கு இன்னா?

ஜெபசிங்: எழுதுனா இங்க வந்து கதவத் தட்டுவாங்க. அக்கம் பக்கத்துல என் பேரச் சொல்லிக் கேப்பாங்க. தமிழோட அப்பா காதுக்குப் போயிடும். கோதண்டராமன்னு பேரு, மதுராந்தகத்துக்கு அந்தாண்ட நெலம், லாரி எல்லாம் கீது. தன் பொண்ணு ஏதோ லேடீஸ் ஹாஸ்டல்ல கீதுன்னு நெனச்சிக்கினு கீறாரு.

பாப்பா: தெரிஞ்சா இன்னா பண்ணுவாரு?

ஜெபசிங்: நம்ம தெருவுல பச்சத் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாரும்மா அவரு. இன்னா பண்ணுவாருன்னு என்னக் கேக்கற.

பாப்பா: அதுக்கோசரம் ஆட்டத்த வுட்ருவியா? நடக்க ஆரம்பிச்சதுல இருந்து பந்த ஒதச்ச காலுடா.

ஜெபசிங்: வலிக்கும் தாம்மா. ஆனா ஆட்டம் போனா கூடுவாஞ்சேரி பக்கம் எதனா ஒரு வேலைக்குப் போயிக்குவேன். என்னால தமிழு தலகுனிஞ்சி நிக்கக் கூடாது. அவ்ளோ தான்.

பாப்பா: இருடா, அவங்களப் பாத்துட்டு வரேன்.

ஜெபசிங்: எம்மா... லைன்ல கீறியா?

பாப்பா: கீறேன்.

ஜெபசிங்: அவங்க போயிட்டாங்களா?

பாப்பா: இங்க தான் கீறாங்க. நீ பறக்காத, மெதுவாவே வா. ஏழு தாண்டுனாலும் பரவால்ல.

ஜெபசிங்: ரெண்டு வருசம்னு சொல்லிக்கினு கீறேன், நீ பாட்டுக்கு...

பாப்பா: டெஸ்ட்டுக்காரங்க இன்னிக்கு யாருமே வரலடா. பொண்ணு வூட்டுக்காரங்கன்னு தான நா எடுத்ததும் சொன்னேன்.

ஜெபசிங்: எந்தப் பொண்ணு வூடு?

பாப்பா: ஒரே பொண்ண தான கட்டிகீற? நேத்து அது அவங்கம்மா சம்பூர்ணத்துக்குப் போனப் போட்டு, என்ன மறைக்கப் போயி அவரு ஆட்டமே போவப் போவுதுன்னு அழுதுச்சாம். ரெண்டு பேரும் உர்ருன்னு வந்து ஒக்காந்தாங்க. எங்கடி உன் புள்ள, அவன் வாயால சொல்லட்டும்னாரு அவங்கப்பா. அதான் சமையக்கட்டுன்னு சும்மா சொல்லிட்டு, நடு வூட்ல, அவங்க எதிர்லயே போன ஸ்பீக்கர்ல போட்டேன்.

ஜெபசிங்: ஸ்பீக்கர்லயா... அந்தப் பச்சத் தண்ணி சமாச்சாரம் கூடவா?

பாப்பா: எல்லாந்தான்.

ஜெபசிங்: ...இன்னாம்மா சொல்றாரு?

பாப்பா: காபி ஆறிப் போச்சாம். சூடா வேற போட்டுத் தரச் சொல்றாரு.