மூன்றா, எட்டா?

மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, கணினியை அணைத்துவிட்டு வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் தையல்கடை ஐயா அவர்களே, எத்தனை பேர் அழைத்தும் முன்னால் வராமல் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அவர் பெற்ற அருமை மகளே! கனத்த நெஞ்சோடு கைகூப்புகிறேன்.

நம் விளம்பரப் படங்களின் எழுத்துகளை வடிவமைத்த தலைமை எழுத்துக் கலைஞர் போய்விட்டார். நம் ‘இன்னொரு தடவை’ அண்ணன் போய்விட்டார்! ‘தலைமைப் பதவிதான் ஆறு வருடம் முன்பே போயிற்றே’ என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. பொறுங்கள், சொல்கிறேன்.

முப்பரிமாண எழுத்து திரையில் சும்மா நின்றால் அழகாகத்தான் இருக்கும். அதைச் சுழலவிட்டுப் பாருங்கள்! ஓரமெல்லாம் படிக்கட்டுபோல் பிசிறு தட்டும், எறும்பு ஊர்வதுபோல் நெளியும். படத்தொகுப்பாளனான நான் நின்ற படத்தைப் பார்த்துவிட்டு “முடிஞ்சது” என்பேன். அண்ணன் விட்டாரா? அறையின் மறுகோடிக்குப் போவார். கண் மங்கியவருக்கும் தெரிகிறதா என்று கண்ணாடியைக் கழற்றுவார். “இன்னொரு தடவை ஓட்டு” என்பார். தேநீர் ஆறிப்போகும், என் பொறுமையும் போகும்.

“அந்த ஓரத்தை யாருண்ணே பார்க்கப்போறா?”

“ஓரத்தை யாரும் பார்க்கமாட்டாங்கடா. எழுத்தைப் படிப்பாங்க. ஓரம் கெட்டா எழுத்தும் கெட்டுச்சு.”

பிசிறை நீக்க நல்ல வழி, ஒவ்வொரு புள்ளியையும் கணினி பலமுறை கணக்கிட்டு, ஓரத்தின் நிறத்தைப் பின்னணியோடு இழைப்பது. அதற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குறுக்கு வழியும் உண்டு. மொத்த எழுத்தையும் மங்கலாக்கிவிட்டு, ‘வழவழன்னு இருக்கே’ என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம்.

ஆறு வருடம் முன்பு, குழந்தைகள் தெரியாமல் மருந்தை விழுங்கிவிட்டால் அழைக்க ஓர் அவசர எண்ணை விளம்பரமாகச் செய்தோம். எண் சுழன்று வந்து நிற்கும். அதன் ஓரம் மங்கியதில், கடைசி இலக்கமான மூன்று, எட்டாகத் தெரிந்தது. அழைப்பெல்லாம் எங்கே போயிற்று? இதோ, இந்த ஐயாவின் தையல்கடைக்கு!

“சட்டைக்கு அளவு சொல்றாங்கன்னு எடுத்தா, புள்ள மாத்திரைய முழுங்கிடுச்சுன்னு அழறாங்கய்யா!” என்று அன்று மாலையே வந்து சத்தம் போட்டார். நியாயம்தானே!

விளம்பரத்தை நிறுத்தினோம். ஆனால் தவறாக எழுதிவைத்துக்கொண்டவர்கள் அழைப்பார்களே? அண்ணன் இரண்டு நாள் அந்தக் கடையில், தையல் மெஷின் பக்கத்தில், தொலைபேசியை மடியில் வைத்து உட்கார்ந்தார். பதினோரு அழைப்புகள். ஒவ்வொருவருக்கும் சரியான எண்ணைச் சொல்லி, “இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்டுச் சரிபார்த்தார். பிறகு அவரே திரும்ப அழைத்துக் குழந்தையை விசாரித்தார். பதினோரு பிள்ளைகளும் பிழைத்தார்கள்!

யார் செய்த பிழை என்று தலைவர் கேட்டபோது, “நான்தான்” என்றார். பதவி போயிற்று. சற்றுமுன் பேசிய மகளும் சொன்னாள், “அப்பா செய்த ஒரே பிழை அதுதான்” என்று.

இல்லை மகளே! அந்த விளம்பரம் வெளியே போன அன்று உன் அப்பா வேலைக்கே வரவில்லை. உன் பள்ளி நாடகம் பார்க்க வந்திருந்தார். காத்திருக்கச் சோம்பி, எண்ணை மங்கலாக்கி அனுப்பியவன் நான். தலைவர் கேட்டபோது நான் வாயைத் திறந்தேனா? திறக்கவில்லை! வெளியே வந்ததும், “உனக்கு வேலையே போயிடும்டா. எனக்கு நாற்காலிதானே போகும்” என்று தோளைத் தட்டினார். ஆறு வருடமும் அந்தக் கை என் தோளில் கனத்தது. அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் துணிவில்லாத கோழை நான்.

தலைவர் அவர்களே, பதிவேட்டைத் திருத்துங்கள். என் வேலை போனால் போகட்டும். இனி இந்த நிறுவனத்திலிருந்து எந்த எழுத்து வெளியே போனாலும், ஒருவர் மறுகோடியில் நின்று வாய்விட்டுப் படித்த பிறகே போகும். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை உறுதிமொழியாக ஏற்போம் தோழர்களே!

என் பின்னால் திரையில் சுழன்று வருகிறதே, அது அவருடைய பெயர். கணினி இரண்டு நாள் எடுத்துக்கொண்டது, நான் காத்திருந்தேன். அண்ணி, அங்கிருந்து தெரிகிறதா? கண்ணாடியைக் கழற்றிவிட்டா பார்க்கிறீர்கள்? என்ன அண்ணி, சத்தமாகச் சொல்லுங்கள்...

கேட்டீர்களா எல்லோரும்? “இன்னொரு தடவை ஓட்டுங்க தம்பி” என்கிறார் அண்ணி.

ஓட்டுகிறேன் அண்ணி.