நாலு குடம் தண்ணி

"இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க சென்றாயண்ணே... இந்தச் செவல மாட்டுக்கு எத்தன விரல் தர்றீங்கன்னே வெளங்கல. மூணா, நாலா? சிரிக்காதீங்க. துண்டுக்குள்ள கைய வுட்டு, விரலத் தொட்டே மாட்டுக்கு வெல பேசறவன் நான். முப்பது வருசமா இதே ஓசூர்ச் சந்தைல. வாயத் தொறந்து வெலயச் சொல்லிட்டா அப்புறம் தரகன் திம்மப்பனுக்கு மரியாத ஏது? வலது கை விரலு ரெண்டு மாசமா மரத்துக் கெடக்குது... அவ்ளோதான்.

அதுக்குப் போயி எம் பொண்டாட்டி கெம்பம்மா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா. அங்க ஒரு டாக்டரு. மாட்டுக்குப் பல்லுப் பாக்கற மாதிரி என் வாயப் பொளந்து பாத்தான். கையில துணிப்பட்டையச் சுத்தி, ரப்பர் உருண்டைய புசுக்கு புசுக்குன்னு அமுக்கறான். பாதரசம் ஏறுதாம், எறங்குதாம். 'ரத்தக் கொதிப்பு'ங்கறான். கொதிக்கறதுக்கு எனக்குள்ள என்ன அடுப்பா எரியுது?

'உப்பு நெறைய சாப்பிடுவீங்களா?'ன்னு கேட்டான். நான் என்னத்தண்ணே சாப்பிடறேன்? நம்ம பக்கம் களிக்கு உப்பே போடறதில்ல. தொட்டுக்க ஒரு கருவாடு. மோர்ல ஒரு சிட்டிக... சரி, ரெண்டு சிட்டிக. ஊறுகா... ஊறுகாய எவனாவது உப்புக் கணக்குல சேப்பானா? அப்புறம் மாட்டுக்குன்னு மடியில கட்டி வெக்கற கல்லுப்பு. நடக்கறப்ப வாய்ல ஒண்ணு போட்டுக்குவேன். அது ஒரு பழக்கம்.

'உங்க கூடப் பொறந்தவங்க யாராவது?'ன்னான். எங்கண்ணன் ஏர் ஓட்டிட்டிருந்தவன், வாய் கோணி வுழுந்தான், மூணாம் நாள் போயிட்டான். காத்துக் கருப்பு அடிச்சதுன்னு ஊருக்கே தெரியும். இவன், மண்டைக்குள்ள ரத்தக் கொழாய் வெடிச்சிருக்கும்ங்கறான். பக்கத்துல நின்னு பாத்தாப்ல!

கேளுங்க, உப்பு ஒடம்புல தண்ணியப் பிடிச்சு வெச்சுக்குமாம். தண்ணி சேந்தா ரத்தம் பெருகுமாம். பெருகின ரத்தம் கொழாய முட்டுமாம். முட்டி முட்டி, கொழாயே வெறச்சுப் போவுமாம். வெரலு மரத்தது மொத எச்சரிக்கையாம். உப்ப வுடலன்னா அடுத்தது கையி, அதுக்கடுத்தது வாயி. கையும் வாயும் போயிட்டா தரகனுக்கு என்ன மிச்சம்? அவனுக்கென்ன, சொல்லிட்டான்.

அன்னிலருந்து கெம்பம்மா 'உப்பு பேடா, உப்பு பேடா'ன்னு, வேணாம் வேணாம்னு கன்னடத்துலயே பொலம்பறா. கொழம்பு வெக்கறா பாருங்க, மாட்டுக்கு ஊத்தற கழனித்தண்ணி தேவல!

உப்பு தண்ணியப் பிடிக்கும்னு எங்கிட்டச் சொல்றான். எங்கிட்ட! அவன் பொறக்கறதுக்கு முந்தியே நான் செஞ்ச வித்த அது. வத்தல் மாடா இருந்தா, சந்தைக்கு ஓட்டற காலைல ரெண்டு கை கல்லுப்ப நாக்குல தேச்சு வுடணும். அப்புறம் தொட்டியக் காட்டினா... யப்பா! நாலு குடம் தண்ணி, ஒரே மூச்சுல! வெலா எலும்பு மறைஞ்சு வவுறு மத்தளமாட்டம் நிக்கும். வாங்கிட்டுப் போனவன் ரெண்டு நாள் கழிச்சு எலும்ப எண்ணிக்கிட்டு ஒக்காந்திருப்பான். இன்னிக்குக் காலைலகூட இந்தச் செவலைக்கு...

இது இல்லண்ணே. வேற செவலை. பாகலூர்க்காரனோடது. நீங்க ஏன் அது வவுத்தத் தட்டிப் பாக்கறீங்க? கைய உருவாதீங்க, வெல பேசி முடியல... அண்ணே! உங்க ஊரு ஊத்தங்கரைக்கு பஸ்ஸு சாயங்காலந்தான், அதுக்குள்ள என்ன அவசரம்? அண்ணே..."

சென்றாயன் மாடுகளுக்கு நடுவே புகுந்து போய்விட்டார். செவலை நின்ற இடத்திலேயே கால்களை அகட்டி, வெகுநேரம் மூத்திரம் பெய்தது. திம்மப்பன் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை உதறி வலது கைமேல் போட்டுக்கொண்டார். அடியில் இடது கையை விட்டு, சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்தார். நாலாவது விரலுக்கு வந்தும் வலது கைக்கு ஒன்றும் உறைக்கவில்லை; மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.