பாரிஸுக்கும் லிஸ்பனுக்கும் நடுவே

போகிற தூரமும் வருகிற தூரமும் ஒன்றுதான், ஐயா. அதில் யாருக்கும் சண்டை கிடையாது.

சுவா பக்கத்து எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளுக்கு நான்தான் மண்டோர், மேற்பார்வை என் பொறுப்பு. லாரி மில்லுக்குப் போய்த் திரும்பிய நேரத்தை வைத்தே டிரைவர் வழியில் குலை விற்றானா என்று சொல்லிவிடுவேன். ஒருநாள் மாயாண்டி தாமதமாக வந்து, டயர் பஞ்சர் என்று சாதித்தான். ஸ்பேனரால் அவன் விரலைத் தட்டினேன். இரண்டாவது விரலில் விற்றதை ஒப்புக்கொண்டான். அடிக்காமல் யாரும் உண்மையைச் சொல்வதில்லை.

என் மனைவி திலகா நீலாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பயிற்சிக்கென்று அவளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். கூட சசிதரன் என்ற இன்ஜினியரும் போனான். நான் தடுக்கவில்லை. ஏர்போர்ட்டுக்குப் போய் வழியனுப்பினேன்.

திரும்பி வந்த அன்று சோறு போட்டுக்கொண்டே கதை சொன்னாள்.

“பாரிஸ்ல பத்து மணிக்கு ஏறுனோம், பதினொன்னரைக்கு லிஸ்பன்ல எறங்கிட்டோம்ங்க. தொள்ளாயிரம் கட்டை இருக்கும். பாஸ்போர்ட்கூட யாரும் பாக்கல லா.”

“வரும்போது?”

“மூணு மணிக்கு ஏறுனோம். பாரிஸ் வந்து சேர ஆறரை ஆயிருச்சு.”

எங்கள் பக்கம் மைலைக் கட்டை என்போம். அதே தொள்ளாயிரம் கட்டைக்குப் போக ஒன்றரை மணி, வர மூன்றரை மணி. ஆகாயத்தில் டயர் பஞ்சராவதில்லை. மிச்சம் இரண்டு மணி நேரம் அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டேன்.

“பறக்கறது ரெண்டு பக்கமும் ரெண்டரை மணிதாங்க. லிஸ்பன்ல ஒரு மணி நேரம் பின்னாடி லா.”

நமக்கும் ஐரோப்பாவுக்கும் நேரம் வேறு என்பது எனக்குத் தெரியும்; நான் ஒன்றும் தற்குறி இல்லை. ஆனால் பாஸ்போர்ட் கேட்காத இரண்டு ஊர்களுக்குள் கடிகாரம் எப்படி மாறும்? சுவாவில் ஒரு மணி, பக்கத்து லுக்குட்டில் வேறு மணியா? போனில் காட்ட வந்தாள். போனில் எதை வேண்டுமானாலும் காட்டலாம். பிடுங்கித் தரையில் அடித்தேன். அவள் குளியலறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டாள்.

குலையைக் குத்தி லாரியில் ஏற்றும் இரும்புக் கம்பியால் கதவை நெம்பித் திறந்தேன். அவசரப்படவில்லை. நிதானமாகத்தான் கேட்டேன். இல்லை என்றாள், முழங்காலில் ஒன்று. சாமி சத்தியமாக இல்லை என்றாள். கையில் ஒன்று, எலும்பு முறிவது கேட்டது. பக்கத்து வீட்டு நீலாவதி கதவைத் தட்டியதால் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்தேன். மூன்றாவது அடிக்குப் பிறகு, “ஆமாங்க, அவரோட போனேன். நீங்க சொல்றதெல்லாம் சரிதான். விட்டுருங்க” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, ஐயா. அவளை அவ்வளவு நம்பியிருந்தேன். பிறகு அவள் தலையில் அடித்தேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. கம்பி வளைந்த பிறகுதான் நிறுத்தினேன்.

இன்று காலை ஸ்டேஷனில் நீங்கள் இரண்டு ஊர்க் கடிகாரங்களையும் காட்டினீர்கள். பாரிஸில் இரண்டு மணி, லிஸ்பனில் ஒரு மணி. பார்த்தேன். கணக்கில் தவறிவிட்டேன், மறுக்கவில்லை. அவளைக் கொன்றதும் நான்தான். ஆனால் அவள் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாள் என்பதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை.