எட்டு பவுண்டு நரம்பு

எட்டு பவுண்டு தூண்டில் நரம்பு மோசமான நரம்பு இல்லை, ஐயா. தெளிந்த தண்ணீரில் மீனின் கண்ணுக்கு அது தெரியாது. எட்டு பவுண்டு இழுவையைத் தாங்கும். அதற்கு மேல் இழுக்காமல் இருக்கத் தெரிந்தவன் எவ்வளவு பெரிய பாஸ் மீனையும் அதில் கொண்டுவரலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

லமாருக்குப் பொறுமை கிடையாது. அவனுக்கு இருபது பவுண்டு நரம்பு வேண்டும். மீன் கவ்வியதும் தூண்டில் கோலைச் சுண்டி, தண்ணீரிலிருந்து நேராகப் படகுக்குள் வீசிவிடுவான். மிகப் பெரிய மீன் என்றால் மட்டும் என்னைக் கூப்பிடுவான். நான் கைவலையை நீட்டி அள்ளுவேன். ஜோடி மீன்பிடிப் போட்டிகளில் எங்கள் வழக்கம் அது. அவன் என் தங்கை அர்லீனின் கணவன். அலபாமாவின் இந்தப் பக்கத்து ஏரிகளில் எங்கள் பெயரைச் சேர்த்தேதான் சொல்வார்கள். லமார், ராய்ஸ்.

இந்தப் பருவத்தில் போட்டி நடத்துகிறவர்கள் கைவலையைத் தடை செய்தார்கள். மீனை நரம்போடு தூக்க வேண்டும், அல்லது தாடையைக் கையால் பிடித்து எடுக்க வேண்டும். விதியைப் படித்த அன்று, படகு இறக்கும் துறையில், எல்லார் முன்னாலும் லமார் சிரித்தான்.

“மச்சான், உன் வேலையே போச்சு. இனி உன்னை எதுக்குச் சுமக்கணும்? அந்த எடைக்கு இன்னொரு பேட்டரி ஏத்திக்கலாம்.”

“சாண்ட்விச் யாரு எடுத்துட்டு வருவா, மாப்ள?”

“அதுக்கு உன் தங்கச்சி இருக்காளே.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வண்டியில் ஏறிய பிறகு அவன் சிரிக்காமல் சொன்னான். “இந்தப் போட்டியோட முடிச்சுக்கலாம். அடுத்து நான் டெக்கர்கூடப் போறேன். தப்பா எடுத்துக்காத. அவன் மீன் பிடிப்பான்.”

வேறு எந்தப் படகிலும் என்னை யாரும் கூப்பிட்டதில்லை, ஐயா.

அவனுடைய ரீல்களில் நரம்பு சுற்றுவது நான்தான். அவன் பார்க்கக்கூட மாட்டான். அந்தப் போட்டிக்கு எட்டு பவுண்டு சுற்றினேன். தூண்டில் முள்ளையும் நானே கட்டினேன். பெரிய மீனை வழக்கம்போலத் தூக்கி வீசுவான், நரம்பு அறும், வெறும் கையோடு கரைக்கு வருவான். அவ்வளவுதான் நினைத்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பிப்ரவரிக் குளிர். தடித்த கையுறை போட்டிருந்ததால் நரம்பின் கனம் அவனுக்குத் தெரியவில்லை. மூழ்கிய மரங்களின் ஓரத்தில் மீன் தானாகவே முள்ளில் மாட்டிக்கொண்டது. பத்து பவுண்டுக்குக் குறையாது. படகை ஒட்டி வந்ததும் தூக்கப் போனவன் நிறுத்தினான்.

“ராய்ஸ், என்ன நரம்புடா இது?”

“எப்பவும் போடுறதுதான்.”

“பொய் சொல்லாத. தையல் நூல் மாதிரி இருக்கு.”

கெட்டிக்காரன். தூக்கவில்லை. மண்டியிட்டு, விளிம்புக்கு வெளியே குனிந்து, தாடைக்குக் கை நீட்டினான். மீன் படகுக்கு அடியில் பாய்ந்தது. இன்னும் எட்டினான். விழுந்தான். இன்ஜின் ஓடும்போது மட்டும்தான் நாங்கள் லைஃப் ஜாக்கெட் போடுவோம். எல்லாரும் அப்படித்தான்.

குளிரில் அவனுக்கு மூச்சுத் திணறியது. ஆனாலும் கோலை விடாமல் என் பக்கம் நீட்டினான்.

“கையக் குடு மச்சான்.”

நான் கோலை வாங்கிக்கொண்டேன். மீன் இன்னும் அதில் இருந்தது.

எட்டு பவுண்டில் அவசரப்பட முடியாது. மீன் ஓடினால் விட வேண்டும். நின்றால் சுற்ற வேண்டும். மறுபடி ஓடும். லமார் ஒருமுறை படகின் விளிம்பைப் பிடித்துவிட்டான். மீனும் அந்தப் பக்கமே வந்தது. நரம்பு அவன் கையில் உரசியது.

“விரல எடு மாப்ள, அறுந்துடும்,” என்றேன்.

எடுத்துவிட்டான்.

கடைசியில் மீன் களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்தது. மண்டியிட்டு, கட்டைவிரலை அதன் வாய்க்குள் விட்டு, தாடையைப் பிடித்து மெதுவாகத் தூக்கினேன். ஒரு செதில் உதிரவில்லை. படகின் தண்ணீர்த் தொட்டியில் விட்டு மூடினேன். பிறகு லமாரைத் தேடினேன். உண்மையாகவே தேடினேன்.

அர்லீன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. குற்றம் என்னுடையதுதான், ஐயா, மறுக்கவில்லை. இருபது பவுண்டு நரம்பைச் சுற்றியிருந்தால் மீன் சீக்கிரம் வந்திருக்கும், அவனைக் காப்பாற்ற எனக்கு நேரம் இருந்திருக்கும்.